கடல் கடந்த ஒரு குடும்பம்: அயர்லாந்து அன்னி மூரின் குடிவழி

அரசர்களின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து நிற்கின்றன. புலவரும் பாடி வைத்தனர். ஆனால், உழைத்துக் கூலி பெற்று வயிறு வளர்த்த ஓர் எளிய குடும்பத்தின் வரலாற்றைக் காப்பவை எவை? வீட்டு முதியோரின் நினைவு ஒன்று. கோயிலில் எழுதி வைத்த பிறப்பு, திருமணக் குறிப்பு ஒன்று. அரசாங்க அலுவலகத்தில் யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய பதிவேடு ஒன்று. இம்மூன்றே. அக்குடும்பம் கடல் கடந்து வேற்று நாட்டில் குடியேறிவிட்டால், முதியோரின் நினைவு கரையிலேயே நின்றுவிடும். ஏனைய இரண்டும் இரு நாடுகளில் இரு துண்டுகளாகக் கிடக்கும். அத்துண்டுகளைத் தேடியெடுத்துப் பொருத்துவதே குடிவழி ஆராய்ச்சி எனப்படுவது.

இவ்வாராய்ச்சியின் அருமையையும், அதில் நேரக்கூடிய பிழையின் கொடுமையையும் ஒருங்கே காட்டுவது அயர்லாந்து நாட்டு மூர் குடும்பத்தின் வரலாறு. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அறியத்தக்கது எனக் கருதி, அதனை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

ஒரு நாடு காலியான கதை

1841-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 இலட்சம். அந்நாட்டு ஏழைகளுக்கு உருளைக்கிழங்கே உணவு. 1845-இல் அப்பயிரை ஒருவகை நோய் தாக்கிற்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது விடவில்லை. நிலத்தில் கிழங்கு அழுகிக் கிடக்க, அதே நாட்டின் தானியமும் கால்நடையும் துறைமுகங்களில் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்தன. 1852 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னும் வெளியேற்றம் தீரவில்லை. அண்ணன் சென்று பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்ப, தங்கை சென்றாள். தங்கை அனுப்பிய பணத்தில் தம்பி சென்றான். 1891-இல் அந்நாட்டில் எஞ்சியிருந்தோர் 47 இலட்சம் பேரே.

அவர்களுள் பலர் கப்பலேறிய துறைமுகம் தென்கோடியில் கார்க் நகரை அடுத்துள்ளது. விக்டோரியா மகாராணியார் 1849-இல் அங்கு வந்தமையால் அதற்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயரிட்டனர். அயர்லாந்து விடுதலை பெற்ற காலத்தில் அப்பெயர் நீங்கிப் பழைய கோவ் என்ற பெயரே மீண்டது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் சுமார் 25 இலட்சம் மக்கள் அக்கரையிலிருந்து கப்பலேறினர் என்பர்.

எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஏடுகளும்

இத்துணை மக்கள் வெளியேறிய நாட்டில், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தம் முன்னோரைத் தேடிவருவது இயல்பேயன்றோ? வந்தவர்களுக்குப் பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. 1922-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரில், டப்ளின் நகரத்துப் போர் கோர்ட்ஸ் மாளிகையில் இருந்த அரசாங்க ஆவணக் களஞ்சியம் வெடித்துத் தீப்பற்றியது. பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்குகளும் பெரும்பாலும் அதில் அழிந்தன. 1861, 1871 கணக்குகளை அரசாங்கமே முன்னர் அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகளை முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் கூழாக்கிவிட்டனர். ஆகவே, இன்று முழுமையாகக் காணக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கு 1901-ஆம் ஆண்டினது.

அவ்வாறாயின் தேடுவோருக்குப் போக்கிடம் யாது? தீயில் படாதவை சில உண்டு. கத்தோலிக்கக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தக் கோயிலிலேயே இருந்தமையால் தப்பின. அவற்றின் படங்களை அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் யாவரும் காண வைத்தது. 1864 முதல் அரசாங்கம் நடத்திவந்த பிறப்பு, இறப்புப் பதிவுகளும் தப்பின. 1847-க்கும் 1864-க்கும் இடையே வரி விதிப்பதற்காக ரிச்சர்டு கிரிபித் என்பார் எடுத்த நில மதிப்பீட்டில், எந்த ஊரில் எவர் எத்துணை நிலம் வைத்திருந்தார் என்பதைக் காணலாம். தீயில் அழிந்தவற்றின் படிகளைப் பிற நாட்டுக் களஞ்சியங்களிலிருந்து திரட்டித் தரும் பெருமுயற்சியொன்றும் தீவிபத்தின் நூற்றாண்டான 2022-இல் இணையத்தில் வெளியாயிற்று.

ஏடு கிடைத்தாலும் இடர் தீர்வதில்லை. ஐரிஷ் குடும்பங்களில் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது பழைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவனே ‘பெயரன்’ என்று கொண்ட நமக்கு இவ்வழக்கம் புதிதன்று. அவர்கள் பெயர்களின் முன் வரும் ‘மாக்’ என்பதற்கு மகன் என்றும், ‘ஓ’ என்பதற்குப் பேரன் என்றுமே பொருள். ஒரு பாட்டனுக்கு ஐந்து ஆண்மக்கள் இருப்பின், ஒரே ஊரில் ஒரே பெயருடைய பேரர் ஐவர் திரிவர். இவருள் கப்பலேறியவர் எவர், ஊரில் தங்கியவர் எவர் என்று எவ்வாறு துணிவது? பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே ஆளும் ஒன்று என்று கொள்ளலாகாது. குடிவழி ஆராய்ச்சியின் முதல் விதி இதுவே. இவ்விதியை மறந்ததனால் விளைந்ததே அன்னி மூரின் கதை.

புத்தாண்டு நாளில் இறங்கிய பெண்

அன்னி மூர் 1874-ஆம் ஆண்டு கார்க் நகரில் பிறந்தவள். தந்தை மாத்தியூ, தாய் ஜூலியா. 1888-இல் பெற்றோர் முன்னதாகச் சென்று நியூயார்க் நகரில் மன்ரோ தெருவில் குடியிருக்கலாயினர். ஊரிலேயே விடப்பட்ட அன்னியும் தம்பியர் ஆன்டனி, பிலிப் இருவரும் 1891 டிசம்பர் 20-ஆம் நாள் குவீன்ஸ்டவுனில் ‘நெவாடா’ என்னும் நீராவிக் கப்பலில் ஏறினர். பன்னிரண்டு வயதுத் தம்பியையும் பதினைந்து வயதுத் தம்பியையும் அழைத்துக்கொண்டு, அக்கப்பலின் மிகக் குறைந்த கட்டணத் தட்டில், குளிர்கால அட்லாண்டிக் கடலைக் கடந்தாள் அப்பெண். கிறிஸ்துமஸ் பண்டிகையும் அவர்களுக்குக் கடல் நடுவிலேயே கழிந்தது. டிசம்பர் 31 மாலை கப்பல் நியூயார்க் துறையை அடைந்தது.

மறுநாள், 1892 ஜனவரி முதல் நாள், எல்லிஸ் தீவில் அமெரிக்க அரசாங்கத்தின் புதிய குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. அதில் முதலாவதாகப் பதிவு செய்யப்பட்டவள் அன்னியே. நிலையத் தலைவர் கர்னல் வெபர் அவளுக்குப் பத்து டாலர் பொற்காசு ஒன்றைப் பரிசாக அளித்தார். அவள் கையால் தொட்ட பணத்தில் அதுவே மிகப் பெரிதாயிருத்தல் கூடும். பத்திரிகைகள் அவளுக்கு வயது 15 என எழுதின. அன்று அவளுக்குப் பிறந்தநாள் என்ற கதையும் பின்னர்ச் சேர்ந்துகொண்டது. உண்மையில் அவளுக்கு வயது 17. பிறந்தநாளோ ஏப்ரல் மாதத்தது.

அந்நிலையம் 1954-இல் மூடப்படும் வரை சுமார் 1 கோடியே 20 இலட்சம் மக்கள் அதன் வழியே அமெரிக்காவிற்குள் நுழைந்தனர். அங்கிருந்த அலுவலர்கள் வந்தவர்களின் பெயர்களைத் தம் விருப்பம்போல் மாற்றி எழுதினர் என்றொரு கதை அமெரிக்கக் குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. அது உண்மையன்று. பயணிகளின் பட்டியலைக் கப்பல் கம்பெனியார் பயணம் தொடங்கும்போதே எழுதிவிடுவர். தீவில் இருந்த எழுத்தர்கள் அப்பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தனர், அவ்வளவே. பெயர் மாறியது பெரும்பாலும் பின்னாளில், அக்குடும்பத்தாரின் விருப்பத்தாலேயாம்.

பொற்காசு பெற்ற அன்று பத்திரிகையில் பெயர் வந்தது. அதன்பின் அன்னி மூர் மாபெரும் நகரத்தின் மக்கள் வெள்ளத்தில் மறைந்து போனாள்.

இடம் மாறிய புகழ்

ஆண்டுகள் பல கடந்தபின், தம் முன்னோர் இறங்கிய தீவை அமெரிக்கர்கள் போற்றத் தொடங்கினர். முதலில் இறங்கிய பெண் என்னவானாள் என்ற வினாவும் எழுந்தது. விடை ஒன்றும் ஆயத்தமாக இருந்தது. அவள் மேற்கே சென்றாள். டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழ்ந்தாள். அயர்லாந்தின் விடுதலைத் தலைவர் டேனியல் ஓ’கானலின் வழித்தோன்றல் ஒருவரை மணந்தாள். 1923-இல் போர்ட்வொர்த் நகரருகே டிராம் வண்டியில் அடிபட்டு மாண்டாள் என்பதே அவ்விடை. டெக்ஸாஸில் அன்னி மூர் என்ற பெயருடன் ஒருவர் வாழ்ந்து மறைந்தது உண்மை. அவர் குடும்பத்தாரும் தம் தாயாரே அந்த அன்னி என்று மனமார நம்பினர். அயர்லாந்திலும் எல்லிஸ் தீவிலும் நடந்த விழாக்களில் சிறப்பும் பெற்றனர். புத்தகங்களிலும் அக்கதையே ஏறிற்று.

ஏன் எவரும் ஐயுறவில்லை? கதை நன்றாக இருந்தது என்பதே காரணம். கடல் கடந்து வந்த ஏழைப் பெண், பரந்த மேற்கு நாட்டிற்குச் சென்று, பெருங்குடியில் வாழ்க்கைப்பட்டாள் என்பதைக் கேட்க யாருக்குத்தான் விருப்பமிராது? நாம் கேட்க விரும்புவதை ஒருவர் சொல்லும்போது, சான்று எங்கே என்று கேட்க நமக்கு நாவெழுவதில்லை.

தம்பியின் வழியே தமக்கை

மேகன் ஸ்மோலென்யாக் என்னும் அமெரிக்கக் குடிவழி ஆராய்ச்சியாளர் அம்மையார், குடியேற்றம் பற்றிய ஒரு படத்திற்காகச் செய்தி திரட்டியபோது, டெக்ஸாஸ் அன்னியின் ஏடுகளைப் புரட்டினார். அவரோ அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று பதிவுகள் கூறின! அமெரிக்காவில் பிறந்த ஒருவர் அயர்லாந்திலிருந்து குடியேறியவராக எவ்வாறு இருத்தல் கூடும்?

பொய் இன்னது எனத் தெரிந்துவிட்டது. மெய் யாது எனத் தெரியவில்லை. 1881-இல் அன்னி ஏழு வயதுச் சிறுமியாகக் கார்க் நகரில் இருந்திருப்பாள், அக்கணக்கு கூழாயிற்று. 1891 வசந்த காலத்தில், கப்பலேறும் முன் எடுத்த கணக்கிலும் இருந்திருப்பாள், அதுவும் கூழாயிற்று. பெற்றோர் நியூயார்க்கில் வாழ்ந்த 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் எடுத்த கணக்கோ, 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சிதைந்து பெரும்பாலும் அழிந்தது. இரு நாட்டிலும் இக்குடும்பத்தின் சுவடு அற்றுப்போயிருந்தது.

2006-ஆம் ஆண்டு ஜூலையில் அம்மையார், உண்மை அன்னியைக் கண்டறிய உதவுபவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத் துறைத் தலைவர் பிரையன் ஆண்டர்சனும் தேடலில் இறங்கினார். சில வாரங்களில் வழி திறந்தது. திறந்த விதம் கவனிக்கத்தக்கது. பெண்ணை நேராகத் தேடுதல் கடினம். மணமானதும் அவள் குடும்பப்பெயர் மாறிவிடும். தம்பியின் பெயரோ மாறாது. தம்பி பிலிப் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பத்திரம் முதலில் அகப்பட்டது. அதைக் கொண்டு 1930-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவரைக் கண்டனர். 72 ஆண்டுகள் கழிந்தே கணக்கை வெளியிடுவது அந்நாட்டு விதியாதலால், 2002-க்கு முன் தேடியிருந்தால் அவ்வேடு எவருக்கும் கிட்டியிராது. அதில் பிலிப்புடன் ஒரு மகளின் பெயர் இருந்தது. அம்மகளின் பெயரை இறந்தோர் பட்டியலில் கண்டு, பத்திரிகையில் வந்த மரண அறிவிப்புகளின் துணையால், உயிரோடிருந்த வழித்தோன்றலை அடைந்தனர். அவர் வாயிலாகவும் பிற ஏடுகள் வாயிலாகவும் அன்னியின் கதை துலங்கிற்று.

ஒரு குமாஸ்தா குடியுரிமைப் பத்திரத்தைப் பிழையின்றி நிரப்பினார். மற்றொருவர் வீடுவீடாக ஏறி இறங்கிக் கணக்கெழுதினார். அவர்கள் எவரும் வரலாறு எழுதுவதாக எண்ணியிரார். அன்றாடம் பதிவேட்டோடு மாரடிக்கும் இரயில்வே உத்தியோகத்தராகிய நமக்கு, இச்செய்தி பெரியதோர் ஆறுதல் அளிக்கிறது.

அன்னி வாழ்ந்த வாழ்வு

உண்மை அன்னி மேற்கே செல்லவே இல்லை. கப்பலிலிருந்து இறங்கி வந்த மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே, சில தெருக்களுக்குள் அவள் வாழ்வு முழுதும் கழிந்தது. ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பகுதி அது. ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஷேயர் என்பவரை மணந்தாள். அவர் புல்டன் மீன் சந்தையில் விற்பனையாளர். அவர்களுக்குப் பிறந்த மக்கள் குறைந்தது பதினொருவர். அவர்களுள் வளர்ந்து ஆளானோர் ஐவரே. ஏனையோரைச் சிறு பருவத்திலேயே பறிகொடுத்தாள் அத்தாய். 1924 டிசம்பர் 6-ஆம் நாள், தன் 50-ஆம் வயதில், இதய நோயால் மறைந்தாள். குவீன்ஸ் பகுதியிலுள்ள கால்வரி இடுகாட்டில், இறந்த தன் குழந்தைகள் சிலர் கிடக்கும் குழியிலேயே அவளையும் அடக்கம் செய்தனர். பெயர் பொறித்த கல் ஒன்று வைக்கவும் வசதியில்லை.

டெக்ஸாஸ் கதையோடு ஒப்பிட்டால் இதில் வீரமில்லை, பெருங்குடித் தொடர்பில்லை. ஆயினும், குடியேறிய கோடிக்கணக்கான குடும்பங்களின் மெய்க்கதை இதுவேயன்றோ? முதல் தலைமுறை மண்ணுக்குள் உரமாயிற்று. அதன்மேல் பின்னோர் தழைத்தனர். அன்னியின் பெயரன், பெயர்த்தியர் வழியில் வந்தோர் 2006 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒன்றுகூடியபோது, அவர்களிடையே ஐரிஷ், யூத, இத்தாலிய, ஸ்காண்டிநேவியக் குடும்பப்பெயர்கள் கலந்திருந்தன. தாம் யாருடைய வழித்தோன்றல் என்பதை நாடு அறிந்த நாள் அது.

2008 அக்டோபர் 11-ஆம் நாள், பெயரற்றுக் கிடந்த அக்கல்லறையின்மேல், அயர்லாந்திலிருந்து வந்த நீலச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய சிலுவை நாட்டப்பட்டது. இறந்து 84 ஆண்டுகள் சென்றபின் அன்னிக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது. கோவ் துறைமுகத்தில் தம்பியர் இருவருடன் நிற்கும் அவள் சிலையும், எல்லிஸ் தீவில் நிற்கும் மற்றொரு சிலையும் 1990-களிலேயே எழுந்துவிட்டன. அச்சிலைகளுக்கு உரியவள் இன்னாள் என்று தெரிந்தது பின்னரே.

நாம் கொள்ள வேண்டியது

பெருமை மிக்க பொய்யைவிட எளிய மெய்யே ஒரு குடும்பத்திற்கு உரிய சொத்து என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒருத்தியின் புகழை மற்றொருத்திக்குச் சூட்டியதில் தீய எண்ணம் எவருக்கும் இல்லை. எனினும், உண்மையில் பாடுபட்டவள் பெயரற்ற குழியில் கிடக்க நேர்ந்தது. வரலாற்றில் அலட்சியமும் அநீதியாக முடியும்.

நாம் கடல் கடக்கவில்லை, இரயிலேறி வந்தோம். ஆயினும், நம் குழந்தைகளின் பெயர்கள் இங்கே படும் பாட்டை நாம் அறிவோம். நம்மூரில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னே நின்றது. இங்குள்ள பள்ளியிலும் அலுவலகத்திலும் குடும்பப்பெயர் கேட்கின்றனர். ஒருவர் தந்தையின் பெயரைக் கொடுக்கிறார். அவர் தம்பி ஊர்ப்பெயரைக் கொடுக்கிறார். உடன்பிறந்தார் இருவரின் மக்கள், ஏட்டளவில், உறவே இல்லாத இரு குடும்பத்தினர் ஆகிவிடுகின்றனர். ஐம்பது ஆண்டுகள் கழித்துத் தேடப்போகும் பேரனுக்கு, அந்த ஓரெழுத்து யாருடைய பெயர் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

ஆகவே, நம் சங்கத்து அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, வீட்டில் முதியோர் இருக்கும்போதே, அவர்தம் பெயரை முழுமையாகவும், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், தாலுகா, ஊரைவிட்டு வந்த ஆண்டு, உடன் வந்தோர் ஆகியவற்றையும் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். பெண்மக்கள் பிறந்த வீட்டுப் பெயரையும் மறவாமல் எழுதுக. இளமையில் இறந்த குழந்தைகளின் பெயரையும் விடற்க. கேட்டது இது, ஏட்டில் கண்டது இது எனப் பிரித்து எழுதுக. பெருமைக்காக ஒரு வரியும் கூட்ட வேண்டா. நாணத்தால் ஒரு வரியும் குறைக்க வேண்டா.

மீன் சந்தை விற்பனையாளரின் மனைவியைத் தேடி ஒரு நகரமே ஏடுகளைப் புரட்டியது. நம் பாட்டிமாரும் அத்தகைய தேடலுக்கு உரியவர்களே. அவர்கள் இன்னும் நம் வீட்டுத் திண்ணையிலும் அடுக்களையிலும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். இவ்வாண்டு விழா முடிந்து இல்லம் திரும்பும் அன்பர்கள் அவர்களிடம் கேட்பார்களாக.